அர்டித் எண்ணிய ஐந்நூற்றேழு பேர்

அர்டித் க்ரைசிங்கரை ஒரு பொய் எழுத வைக்க, 1990-ம் வருடக் கோடையில் எங்கள் டன்லீவி கவுண்டியே முட்டி மோதிப் பார்த்தது. மோதியவர்களில் நானும் ஒருத்தி. அதனால் இதைச் சொல்லும் கடமை எனக்கு உண்டு.

எங்கள் கவுண்டி, அதாவது எங்கள் சின்ன மாவட்டம், நெப்ராஸ்கா மாநிலத்தின் மேற்கே, புல் மூடிய மணல் மேடுகளுக்கு நடுவே கிடக்கிறது. இங்கே ஓர் ஆளுக்கு நாற்பது மாடு. கவுண்டியின் தலைமை ஊர் மார்லட். அங்கே ஒரு கவுண்டி அலுவலகம், ஒரு பள்ளிக்கூடம், ஒரு காப்பிக் கடை, இரண்டு தேவாலயம். கவுண்டி அலுவலகத்தில் வண்டிகளுக்கு நம்பர் பலகை கொடுக்கும் மேசையும் பழைய பதிவேடுகளும் என் பொறுப்பில் இருந்தன.

1920-ல் இங்கே இரண்டாயிரத்து எண்ணூறு பேர் இருந்தார்கள். குடும்பத்துக்கு அறுநூற்று நாற்பது ஏக்கர் இலவசம் என்று அரசாங்கம் சொன்னதை நம்பி வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும். மணல் அவர்களுக்கு உருப்படியாக ஒரு சோளக்கதிர்கூடக் கொடுக்கவில்லை. வந்த வழியே போய்விட்டார்கள். அவர்கள் விட்ட நிலத்தைப் பெரிய மாட்டுப் பண்ணைக்காரர்கள் சேர்த்துக்கொண்டார்கள். பத்து வருடத்துக்கு ஒரு முறை எண்ணும்போதெல்லாம் நாங்கள் குறைந்துகொண்டே வந்தோம். ஒவ்வொரு முறையும் நகரத்துப் பத்திரிகை ஒன்று, பூட்டிக் கிடக்கும் ஒரு பள்ளிக்கூடத்தைப் படம் பிடித்துப் போட்டு, "சாகும் கவுண்டி" என்று எழுதும். அர்டித் அந்தப் பக்கத்தைக் கிழித்து முட்டைக்கூடைக்குள் விரித்துவைப்பாள்.

அவளுக்கு அப்போது அறுபத்தொரு வயது. நெட்டையான பெண். கணவன் மெர்ல் இறந்து ஆறு வருடம். இருபத்தேழு வருடம் கிராமத் தபால் கொண்டுபோனவள். ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும் காரில் வலது பக்கம் உட்கார்ந்து, இடது காலை நீட்டிப் பெடலை மிதித்து, இடது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, வலது கையால் சாலையோரப் பெட்டிகளில் கடிதம் போடுவாள். ஒரு நாளைக்கு நூற்றுப்பத்து மைல். அந்த வேலையில் அவளுக்கு இடுப்பு கோணிவிட்டது. ஓய்வு பெற்றபின் வென்டல் ஸ்ட்ராட்மனிடம் ஒரு புல்வெளியைக் குத்தகைக்கு எடுத்து, முப்பத்திரண்டு மாடு வைத்திருந்தாள்.

இந்த வென்டல்தான் கவுண்டிக் குழுவின் தலைவர். பெரிய பண்ணை, அதோடு மாடுகளைக் கொழுக்கவைக்கும் பட்டி. அர்டித்தும் அவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஊரில் அவரை "நீ" என்று கூப்பிட்ட ஒரே பெண் அவள்தான்.

அந்த வருடம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. ஏப்ரலில் நகரத்திலிருந்து ஓர் இளைஞன் வந்தான். தாழ்வான கார். இரண்டாம் நாளே மணலில் சிக்கிக்கொண்டான். போக முடிந்த இடத்துக்குப் போய்விட்டுத் திரும்பிவிட்டான். ஆகஸ்டில் கடிதம் வந்தது: டன்லீவி கவுண்டி, 471 பேர்.

அதே சமயம் மாநிலச் சட்டமன்றத்தில் ஒரு மசோதா தயாராகிக்கொண்டிருந்தது. ஐந்நூறு பேருக்குக் குறைந்த கவுண்டிகளைப் பக்கத்துக் கவுண்டியோடு சேர்த்துவிடுவார்களாம். எங்களுக்குப் பக்கத்து அலுவலகம் எழுபத்தோரு மைல். பனிக்காலத்தில் ஒரு சாவைப் பதிவு செய்யக்கூட எழுபத்தோரு மைல் போக வேண்டும். பள்ளிக்கூடத்தை மூடுவார்கள், ஷெரிப்பை எடுத்துவிடுவார்கள். நானும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஒரு வழி இருந்தது. விட்டுப்போன வீடுகள் இருந்தால் பதினைந்து நாளுக்குள் சொல்லலாம். கணக்கெடுப்பு ஆட்கள் அவற்றை மறுபடி எண்ணுவார்கள். அந்த வேலைக்கு உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும் என்றார்கள். அர்டித் பரீட்சை எழுதி, கையைத் தூக்கிச் சத்தியம் செய்து, கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலையே வென்டல் அவளை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். என் மேசைக்கு எதிரில்தான் பேச்சு நடந்தது. அவர் ஒரு தாளை நீட்டினார்.

"இன்னும் இருபத்தொன்பது பேர் வேணும் அர்டித். நான் நாப்பத்திநாலு பேர் எழுதியிருக்கேன். நீ கையெழுத்துப் போட்டா போதும்."

அர்டித் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி வாசித்தாள்.

"ஹூபர்ட்டோட ரெண்டு பசங்க. அவனுங்க டென்வர்ல டயர் கடை வச்சிருக்கானுங்க."

"கிறிஸ்துமஸுக்கு வருவாங்கல்ல?"

"கிறிஸ்துமஸுக்கு வர்றவரையெல்லாம் சேத்தா சாண்டா கிளாஸையும் எழுதணும். இது யாரு, டார்லீன் போவியா? டார்லீன் மார்ச் இருபத்தொன்பதாம் தேதி செத்துப்போனா வென்டல். சவப்பெட்டிய நீயும்தான் தூக்கினே."

"கணக்கு ஏப்ரல் ஒண்ணாம் தேதிக்கு. மூணு நாள்தானே வித்தியாசம்."

"மூணு நாள் முன்னாடி செத்தவ செத்தவதான். மூணு நாள் கழிச்சு செத்திருந்தா உசுரோட இருந்தவ. சட்டம் அப்படி."

"சட்டமா? அந்தச் சட்டம்தான் நம்மள ஒழிக்கப் பாக்குது. அதுக்கு நீ மரியாதை குடுக்கறே?"

"சட்டத்துக்கு இல்ல. உன் தாளுக்கு மரியாதை குடுக்க மாட்டேன், அவ்வளவுதான்." தாளை நாலாக மடித்து அவர் சட்டைப்பையிலேயே சொருகினாள். "நாம இருக்கோம்னு சொல்லப் போறோம் வென்டல். அதுக்கு இல்லாதவங்கள எதுக்குக் கூப்பிடணும்? இருக்கறவங்க போதும்."

அவள் காருக்குப் போகும்போது நான் பின்னாலேயே ஓடினேன். என் மகள் கானி லிங்கன் நகரத்தில் கல்லூரியில் இருந்தாள். அவள் துணிமணி எல்லாம் என் வீட்டில். அவளுக்கு வரும் கடிதத்தை அர்டித்தே வருடக்கணக்காக என் பெட்டியில் போட்டிருக்கிறாள்.

"ஒருத்திதானே அர்டித். என் வேலை போயிடும்."

"ஏப்ரல் ஒண்ணாம் தேதி உன் பொண்ணு எங்க தூங்கினா, ஜோலீன்?"

"லிங்கன்ல. ஆனா..."

"அப்ப லிங்கன்ல எண்ணியிருப்பாங்க. ஒரு பொண்ண ரெண்டு தடவ எண்ண முடியாது. அவ என்ன அவ்வளவு குண்டா?"

சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் எரிந்தது. அந்த வாரம் முழுவதும் அவளோடு நான் பேசவில்லை. ஊரிலும் பாதிப் பேர் பேசவில்லை. காப்பிக் கடையில் அவள் மிளகாய்க் கறியும் இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டியும் சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது. அவள் தன் தொப்பியை அந்த நாற்காலியில் வைத்துவிட்டு நிதானமாகச் சாப்பிட்டாள்.

பிறகு அவள் மேடுகளுக்குள் இறங்கினாள். ஓரின் பெட்ர்ஸ்காவைப் பிடித்த கதையை ஓரினே கடையில் சொல்லித் திரிந்தான். அவன் தனிக்கட்டை. அரசாங்கத்திலிருந்து வரும் எந்தத் தாளையும் அடுப்பில் போடுகிறவன். அவள் போனபோது காற்றாலைக் கோபுரத்தின் உச்சியில் பல்சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தானாம்.

"நான் இங்க இல்ல!" என்று மேலிருந்து கத்தினானாம்.

"இல்லாதவனுக்கு என்ன இவ்வளவு பெரிய தொண்டை?"

"எறங்க மாட்டேன்!"

"எறங்க வேண்டாம். கண்ணால பாத்துட்டேன். ஒரு ஆம்பள, வெள்ளைக்காரன், வயசு அறுபதுக்கு மேல, குளிச்சு ஒரு வாரம்."

"அதெல்லாம் எழுதுவியா?"

"குளிக்கறதுக்குக் கட்டம் இல்ல. இருந்தா எழுதியிருப்பேன்."

அவன் இறங்கிவந்து வயதைச் சரியாகச் சொன்னான். ஐம்பத்தெட்டுதானாம். அறுபதுக்கு மேல் என்றது அவனுக்குப் பொறுக்கவில்லை.

இப்படி ஒன்று இரண்டாகச் சேர்த்தாலும் இருபத்தொன்பது வராது என்பது எல்லோருக்கும் தெரியும். அர்டித்துக்கு வேறொன்றும் தெரியும். தபால் பெட்டி இல்லாத இடத்தில்கூட ஆள் இருக்கலாம் என்பது.

வென்டலின் மாட்டுப் பட்டிக்குக் கிழக்கே, நெடுஞ்சாலையிலிருந்து இரண்டு மைல் உள்ளே, அல்மைரா என்று ஒரு பள்ளத்தாக்கு. இலவச நிலக் காலத்தில் அங்கே ஒரு தபால் நிலையமும் பள்ளிக்கூடமும் இருந்தன. இப்போது ஓர் அஸ்திவாரமும் சில லைலாக் பூப்புதர்களும்தான் மிச்சம். பட்டியில் வேலை செய்ய மெக்சிகோவிலிருந்து வந்தவர்களுக்காக வென்டல் அங்கே சக்கரம் வைத்த ஆறு பழைய டிரெய்லர் வீடுகளை இழுத்துப் போட்டிருந்தார். கழிவுநீர்த் தொட்டிக்கு அனுமதி இல்லை. நெடுஞ்சாலையில் போகிறவர்கள் கண்ணில் படாத இடம். கவுண்டி எந்திரம் அந்தச் சாலையை மட்டம் செய்வதும் இல்லை, பனி தள்ளுவதும் இல்லை. "அங்க யாரும் குடியில்ல" என்பது குழுத் தலைவரின் வார்த்தை.

அர்டித் போன அன்று வென்டல் வாசற்கதவிலேயே நின்றார். கதவின் கீலைச் சரிசெய்துகொண்டிருந்த பட்டி வேலையாள் அன்செல்மோ குவேயார் எல்லாவற்றையும் கேட்டான்.

"இது தனியார் நிலம், அர்டித்."

"தெரியும். நீ வழி விடலன்னா மேலதிகாரிக்கு எழுதணும். அதுல ஒரு சந்தேகம். கதவுல நிக்கறது மாட்டுப் பட்டி மொதலாளியா, கவுண்டித் தலைவரா? ஒருத்தரா ரெண்டு பேரா? கவுண்டி பொழைக்கணும்னு ஒருத்தர் தவிக்கறாரு. இன்னொருத்தர் கதவ மூடறாரு."

வென்டல் முகம் சிவந்தது. "அவங்க நம்ம ஆளுங்க இல்ல."

"உன் மாட்டுக்குத் தீனி போடறது யாரு, தேவதைங்களா? தள்ளு."

அவர் தள்ளி நின்றார். "என் புல்வெளியிலதான் உன் மாடு மேயுது. ஞாபகம் வச்சுக்கோ" என்று மட்டும் சொன்னார்.

"மாட்டுக்கு நான் சொல்லிடறேன்" என்றாள் அர்டித்.

உள்ளே நடந்ததை அன்செல்மோவின் மனைவி எலோடியா பல வருடம் கழித்து எனக்குச் சொன்னாள். காரைப் பார்த்ததும் ஆறு வீட்டிலும் திரையை இழுத்துவிட்டார்களாம். எலோடியா மட்டும் கைக்குழந்தையோடு படியில் நின்றாள். அவளுக்கும் அன்செல்மோவுக்கும் குடியிருப்புத் தாள்கள் சரியாக இருந்தன. மற்றவர்களில் சிலருக்கு இல்லை.

"இத யாரெல்லாம் பாப்பாங்க?" என்று கேட்டாள்.

"எழுபத்திரண்டு வருஷத்துக்கு யாரும் பாக்க முடியாது. ஷெரிப் பாக்க முடியாது, குடியேற்ற அதிகாரி பாக்க முடியாது. நான் வெளிய சொன்னா எனக்கு ஜெயில்."

"எழுபத்திரண்டு வருஷம் கழிச்சு?"

"அப்ப நீயும் இருக்க மாட்டே, நானும் இருக்க மாட்டேன். முக்கியமா வென்டல் இருக்க மாட்டான்."

எலோடியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எண்ணினால் தனக்கு என்ன லாபம் என்று கேட்டாள்.

அர்டித் சுற்றி வளைக்கவில்லை. "உடனே ஒண்ணும் இல்ல. ஆனா நீ இங்க இல்லன்னு சொல்றவன் பொய்யனாயிடுவான். எனக்கு அது போதும். உனக்குப் போதுமான்னு நீதான் சொல்லணும்."

எலோடியா ஒவ்வொரு கதவாகத் தட்டி, ஸ்பானிய மொழியில் விளக்கி, எல்லோரையும் படிக்கு வரவழைத்தாள். கடைசியில் அவளுக்கே கோபம் வந்தது. கைக்குழந்தை ஏப்ரல் ஒன்பதாம் தேதி பிறந்தவள். அவளுக்குக் கணக்கில் இடமில்லை என்றாள் அர்டித்.

"என் வயித்துல இருந்தாளே! உதைச்சாளே!"

"வயித்துல உதைக்கறதுக்கும் கட்டம் இல்லம்மா. மன்னிச்சுக்கோ."

"இது என்ன முட்டாள் சட்டம்?"

"முட்டாள் சட்டம்தான். இதே சட்டத்த வச்சுத்தான் ஒரு பெரிய மனுஷன் எழுதிக் குடுத்த செத்தவங்கள நான் சேத்துக்கல. உன் பொண்ண மட்டும் சேத்தா எனக்கு மொகம் இருக்காது."

அக்டோபரில் இறுதி எண் வந்தது: 507. காப்பிக் கடையில் கைதட்டினார்கள். அர்டித்தின் பக்கத்து நாற்காலி நிரம்பியது. நானும் போய் உட்கார்ந்து, வெட்கத்தோடு, "அல்மைராவையும் சேத்தியா?" என்று காதுக்குள் கேட்டேன்.

"ரெண்டாயிரத்து அறுபத்திரண்டுல வந்து கேளு" என்றாள். ரொட்டியின் பாதியைப் பிட்டு என் தட்டில் வைத்தாள்.

நவம்பர் முதல் திங்கட்கிழமை காலை கவுண்டிக் குழுக் கூட்டம். வென்டலும் இன்னும் இரண்டு உறுப்பினர்களும் மேசையில். குறிப்பெடுக்க நான். ஐந்நூற்றேழு என்ற எண்ணை வென்டல் எழுந்து நின்று வாசித்தார். "நாம சாக மாட்டோம்னு தலைநகரத்துக்குக் காட்டிட்டோம்" என்றார். அந்த நேரத்தில் எலோடியா இன்னும் மூன்று பெண்களோடு உள்ளே வந்து பின்வரிசையில் உட்கார்ந்தாள். பொதுமக்கள் பேசலாம் என்றதும் எழுந்தாள்.

"எங்க சாலைய மட்டம் செய்யணும். பனி தள்ளணும். அப்பத்தான் ஸ்கூல் பஸ் வரும்னு பள்ளிக்கூடத்துல சொல்றாங்க. ஒன்பது பிள்ளைங்க நெடுஞ்சாலை வரைக்கும் ரெண்டு மைல் நடக்குது."

வென்டல் தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "அந்தச் சாலையில நிரந்தரமா யாரும் குடியில்ல. கவுண்டி அத பராமரிக்க முடியாது."

"கைக்குழந்தைய விட்டா, நாங்க முப்பத்தோரு பேர் இருக்கோம்."

"அதுக்கு ஆதாரம் எதுவும் எங்கிட்ட இல்ல."

நான் அர்டித்தைப் பார்த்தேன். அவள் மூன்றாம் வரிசையில் இருந்தாள். ஆதாரம் அவள் கையாலேயே எழுதப்பட்டது. வாயைத் திறந்தால் சத்தியத்தை மீறியவள் ஆவாள். அது வென்டலுக்கும் தெரியும். அவள் நாற்காலியின் கையை இறுகப் பிடித்திருந்தாள்.

எலோடியா யாரையும் பார்க்கவில்லை. வென்டலை மட்டும் பார்த்தாள்.

"இப்ப ஐந்நூத்தி ஏழுன்னு வாசிச்சீங்க. சரி. நாங்க இல்லன்னா முப்பத்தொண்ணக் கழிச்சிடுங்க. நானூத்தி எழுபத்தாறு. தலைநகரத்துக்கு அதையே எழுதி அனுப்புங்க. நாங்க இருக்கோம்னா சாலை போடுங்க. ரெண்டுல ஒண்ணு. ரெண்டையும் நீங்களே வச்சுக்க முடியாது, சார்."

அப்போது அர்டித் எழுந்தாள்.

"யாரு எங்க குடியிருக்காங்கன்னு என்னால சொல்ல முடியாது. சொல்லவும் மாட்டேன். ஆனா சாலையப் பத்திப் பேசக்கூடாதுன்னு நான் யாருக்கும் சத்தியம் பண்ணல. ஜோலீன், உன் பின்னாடி இருக்கற அறையில பழைய சாலைப் பதிவேடு இருக்கா?"

இருந்தது. தோல் உறை போட்ட, ஒரு கன்றுக்குட்டி கனமுள்ள புத்தகம். அவள் எந்த வருடம் என்று சொல்லவில்லை. அல்மைராவில் தபால் நிலையம் திறந்த காலத்தை நினைத்துப் பக்கங்களைப் புரட்டினேன். 1911-ல் கிடைத்தது. அல்மைரா பள்ளத்தாக்கைச் சேர்ந்த இருபத்திரண்டு குடும்பங்கள் மனுக் கொடுத்து, கவுண்டி ஏற்று, பொதுச் சாலையாக அறிவித்த பக்கம். அதை ரத்து செய்ததாக அதற்குப் பின் எந்தப் பக்கத்திலும் எழுத்து இல்லை. நான் இரண்டு முறை தேடிவிட்டு, உரக்க வாசித்தேன். என் முதலாளியை அவர் முகத்துக்கு நேரே எதிர்த்தது அதுதான் முதல் தடவை. கானியை எண்ணச் சொல்லிக் கெஞ்சிய அதே வாயால்.

"பொதுச் சாலை," என்றாள் அர்டித். "வென்டலுக்குச் சொந்தம் இல்ல. எனக்கும் அந்தப் பொண்ணுக்கும் சேந்து சொந்தம். பனி தள்ள யாரு குடியிருக்காங்கன்னு எதுக்குக் கேக்கணும்?"

மற்ற இரண்டு உறுப்பினர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மூத்தவர் கையைத் தூக்கினார். இளையவரும் தூக்கினார். வென்டல் தூக்கவில்லை. இரண்டுக்கு ஒன்று. நான் குறிப்பில் எழுதினேன்.

டிசம்பர் பத்தாம் தேதி முதல் பனி. காலை ஆறரைக்குக் கவுண்டி எந்திரம் அல்மைராவுக்குள் போனது. ஏழே காலுக்குப் பள்ளிக்கூட பஸ். சாலை பொதுச் சாலை ஆனதும் மாநிலச் சுகாதார ஆளும் அதே வழியில் வந்தார். இரண்டு வருடத்துக்குள் வென்டல் அந்த டிரெய்லர்களை அகற்றி, தண்ணீரும் தொட்டியும் உள்ள வீடுகள் கட்ட வேண்டியதாயிற்று. கவுண்டிகளைச் சேர்க்கும் மசோதா சட்டமன்றத்தில் வசந்தம்வரை இழுத்துக்கொண்டு கிடந்து, பிறகு செத்தது.

அர்டித் இதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. மார்ச் முதல் வாரம் வென்டல் குத்தகையை நிறுத்தினார். அவள் இருபத்தொரு மாடுகளை ஏலத்துக்கு ஓட்டினாள். மிச்சம் பதினொன்றைத் தன் சொந்த நூற்றறுபது ஏக்கர் நிலத்தில் வைத்துக்கொண்டாள். ஏலக் கொட்டகையில் ஒவ்வொன்றாக வெளியே போனதை அவள் நின்று பார்த்தாள். அழுதாளா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் பக்கத்தில் நின்றேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து, மனம் மாறியோ மனைவி சொல்லியோ, வென்டல் அவள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். நான் அவள் சமையலறையில் இருந்தேன்.

"அந்தப் புல்வெளி சும்மாதான் கெடக்கு, அர்டித். பழைய குத்தகைக்கே எடுத்துக்கோ."

"அல்மைராவுல முப்பத்தோரு பேர் குடியிருந்தாங்கன்னு அன்னைக்கு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவர் தொப்பியைக் கழற்றினார். "தெரியும்."

"அத கூட்டத்துல சொல்லு. குறிப்புல ஏறட்டும். அப்புறம் புல்வெளியப் பத்திப் பேசலாம்."

அவர் சொல்லவில்லை. அவளும் எடுத்துக்கொள்ளவில்லை. பதினொரு மாட்டோடு இன்னும் பதினான்கு வருடம் இருந்து, எழுபத்தேழாம் வயதில், சொந்தக் கட்டிலில் போய்ச் சேர்ந்தாள். புல் போதாத வருடங்களில் அன்செல்மோ வைக்கோல் உருண்டைகளைக் கொண்டுவந்து அவள் வேலிக்குள் தள்ளிவிட்டுப் போவான். விலை பேச அவளை அவன் விட்டதே இல்லை. கவுண்டி அலுவலகம் இன்றும் மார்லட்டில் திறந்திருக்கிறது. நம்பர் பலகை வேண்டுமென்றால் காலை எட்டு மணிக்கு வரலாம்.